ஹவேலியும் கதிரையும்

இலங்கைத் தமிழருக்கு இந்திச் சினிமா முதலில் காதால்தான் வந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் சனங்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று நினைத்தவர். அவருடைய நாட்களில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறையத் துடைக்கப்பட்டது. அந்த இடைவெளிக்குள் றேடியோ சிலோன் புகுந்தது. பம்பாயில் பதிவாகிய அமீன் சயானியின் குரல் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து முழு இந்தியாவுக்கும் ஒலிபரப்பானது. பினாக்கா கீத்மாலா என்ற அந்த நிகழ்ச்சி தொடங்கியதும் 1952இல்தான். ஒரு அமைச்சரின் ரசனை ஒரு சின்னத் தீவின் வானொலியைப் பெரிய தேசத்தின் வானொலியாக்கியது. எங்கள் தாத்தா, அப்பாமார் ஒரு சொல்லும் விளங்காமல் இந்திப் பாட்டுகளை முணுமுணுத்துத் திரிந்ததற்குப் பின்னால் இப்படியொரு அரசியல் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்த வீட்டில் பிறந்த நான், அரசியலைப் பேசும் இந்திப் படங்களைப் பார்க்கத் தொடங்கியது பாரிசுக்கு வந்த பிறகு. றெஸ்ரோரண்ட் வேலை முடிந்து அறைக்கு வந்தால் உடனே நித்திரை வராது. ஆங்கில உபதலைப்புகளின் துணையோடு ஒரு பிறத்தியானாக இருந்து பார்த்தேன். தொடக்கத்தில் பார்த்த பல படங்களில் எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட தலைவர், ஒலிவாங்கி, மாலை, கள்ளக் கணக்கு, நேர்மையான பொலிஸ்காரன். இதெல்லாம் தமிழ்ப் படங்களிலும் போதிய அளவு உண்டு. பெரும்பாலான அரசியல் படங்கள் கதிரையைப் பற்றியவை. யார் அதில் இருக்கிறான், யார் அவனை விழுத்துகிறான் என்பதோடு கதை முடிந்துவிடும்.

எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா' அப்படிப்பட்டதல்ல. 1973இல் எடுத்து முடிக்கப்பட்ட இந்தப் படத்தில் ஒரு வீடு இருக்கிறது. ஆக்ராவில் ஒரு பழைய ஹவேலி. அதிலே மிர்சா குடும்பம். இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத ஒரு கதையை வைத்து கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் திரைக்கதை எழுதினார்கள். காந்தி கொல்லப்பட்டதற்குப் பிந்திய நாட்கள். மூத்தவர் ஹலீம் முஸ்லிம் லீக் அரசியல்வாதி. தான் இந்த மண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்று மேடையில் முழங்கிவிட்டுச் சத்தமில்லாமல் பாகிஸ்தானுக்குப் போய்விடுகிறார். இளையவர் சலீம் சப்பாத்துத் தொழிற்சாலை வைத்திருப்பவர். அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர் பெரிதாக விளக்கமும் சொல்வதில்லை. அலுவல்கள் இருக்கின்றன, தாய் இருக்கிறாள், தொழிலாளர் இருக்கிறார்கள். இருக்கிற மனிதன் இருக்கிறான்.

போனவன் ஹலீம். ஆனால் ஹவேலி ஹலீமின் பெயரில். சட்டம் வீட்டுக்குள் வருவது இந்த ஓட்டையால்தான்.

படத்துக்கு வெளியே இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிவினையின்போது ஓடியவர்களின் சொத்தைப் பாதுகாக்க என்று இரண்டு நாடுகளிலும் 'கஸ்ரோடியன்' என்ற அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். பாதுகாப்பது என்பது நாளடைவில் எடுத்துக்கொள்வது என்றாகி, எடுத்த வீடுகள் மற்றப் பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்குப் பகிரப்பட்டன. இந்தியாவில் 1950ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிர்வாகச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. போனவர் என்ற வகையோடு, போக உத்தேசித்திருப்பவர் என்றொரு வகையும் அதில் இருந்தது. அதாவது ஆள் தன் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கலாம். ஆனால் அவர் போகக்கூடியவர் என்று அரசு கருதினால் அவருடைய சொத்து சந்தேகத்துக்குரிய சொத்து. 1954 மே 7க்குப் பிறகு போனவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆக்கப்படும்வரை, வட இந்திய முஸ்லிம்கள் பலர் தாங்கள் போகப்போவதில்லை என்பதை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. போகவில்லை என்பதை ஒரு மனிதன் எந்தப் பத்திரத்தைக் காட்டி நிரூபிப்பது?

சலீம் மிர்சாவுக்கு நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். வங்கி கடன் தரத் தயங்குகிறது, ஏனென்றால் கடன் வாங்கிய முஸ்லிம் நாளைக்குக் கராச்சியில் இருப்பான் என்ற பயம். வாடகைக்கு வீடு தேடினால் பெயரைக் கேட்டதும் கதவு சாத்துகிறது. கராச்சியிலிருக்கும் தமையனுக்கு ஹவேலியின் வரைபடத்தை அனுப்பியதற்காக ஒற்றன் என்று வழக்குப் போடுகிறார்கள். வழக்கில் விடுதலை கிடைக்கிறது, தெருவில் கிடைக்கவில்லை. படிப்பு முடித்த மகன் சிக்கந்தர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனால், பாகிஸ்தானில் முயற்சி செய்து பார்க்கலாமே என்று யோசனை சொல்கிறார்கள். மகள் ஆமினா காத்திருந்த காசிம் எல்லை தாண்டித் திரும்பி வருகிறான். உரிய பத்திரம் இல்லை. கலியாண ஏற்பாடுகளுக்கு நடுவே பொலிஸ் வந்து கொண்டுபோகிறது. இரண்டாவதாக அவள் நம்பிய ஷம்ஷாத்தும் போய் வராமல்விட, அந்தப் பெண் தன்னை முடித்துக்கொள்கிறாள். படத்தில் ஒரு கலவரம்கூடப் பெரிதாகக் காட்டப்படுவதில்லை.  கடிதம், அழைப்பாணை, கையெழுத்து, புகையிரத நிலையம். நாடு இரண்டாக உடைந்ததை இப்படியும் காட்டலாம் என்பது எனக்கு முதல் அதிர்ச்சி.

ஹவேலியைவிட்டு இறங்க வேண்டிய நாளில் சலீமின் தாய் வர மறுக்கிறாள். விறகு போட்டுவைக்கும் இடத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். வயதுபோன மனுசி, சின்னப்பிள்ளை ஒளிப்பதுபோல. தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். பிறகு சாகக் கிடக்கையில் அவளைப் பல்லக்கில் வைத்து ஹவேலிக்குக் கொண்டுவருகிறார்கள், கண்ணை மூடுவதற்கு. இந்தப் பாத்திரத்தில் நடித்த பதர் பேகம் ஆக்ராவிலேயே இருந்த ஒரு கிழவி. இளமையில் சினிமாவில் நடிக்க ஆசைப்பட்டு அது சரிவராமல் போனவர். குரல் மட்டும் தீனா பாட்டக்குடையது. வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் எழும்பிய சனம் முகாம்களிலே இருந்துகொண்டு வேலியையும் கிணற்றையும் நினைத்துச் செத்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிழவியைத் தெரியும். உபதலைப்பு தேவைப்படாது.

ஹவேலி அஜ்மானி என்ற சிந்தி வியாபாரியின் கைக்குப் போகிறது. இங்கே வேறொருவர் என்றால் ஒரு வில்லனை வைத்திருப்பார். சத்யு வைக்கவில்லை. அஜ்மானி நல்ல மனிதர். அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தவர். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஏ.கே. ஹங்கல் உண்மையிலேயே கராச்சியில் வாழ்ந்தவர். அங்கே சிறையிலிருந்து, பிரிவினைக்குப் பிறகு பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். சலீம் மிர்சாவாக நடித்த பல்ராஜ் ஸாஹ்னியின் ஊர் ராவல்பிண்டி. 1947இல் அது பாகிஸ்தானுக்குப் போனது. அதாவது ஊர் இழந்த ஒரு பஞ்சாபி இந்து, ஊரைவிட்டுப் போக மறுக்கும் ஒரு முஸ்லிமாக நடிக்கிறார். கராச்சியை இழந்த ஒருவர் அவருடைய வீட்டை எடுப்பவராக நடிக்கிறார். இது தெரிந்த பிறகு இரண்டாவது தரம் படத்தைப் பார்த்தபோது, அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்க்கிற பார்வை எனக்கு வேறாகத் தெரிந்தது. இறந்துபோன ஆமினாவைத் தகப்பன் பார்க்கிற காட்சியில் ஸாஹ்னி ஒன்றும் செய்வதில்லை, நிற்கிறார். அதற்குச் சிறிது காலம் முன்னர்தான் அவர் சொந்த மகளை இழந்திருந்தார். படத்தின் குரல்பதிவை முடித்த அடுத்த நாள், 1973 ஏப்ரல் 13 அன்று, அவரும் இறந்துபோனார். முடிந்த படத்தை அவர் பார்க்கவில்லை.

எங்கள் சமையலறையில் கராச்சியிலிருந்து வந்த ஒருவர் வேலை செய்கிறார். உருதுச் சொற்களுக்கு அர்த்தம் கேட்பது அவரிடம்தான். படத்தின் கதையைச் சொன்னேன். உத்தரப்பிரதேசத்திலிருந்து போன தன்னுடைய தாத்தாவுக்குக் கராச்சியில் கிடைத்ததும் ஒரு இந்துவின் வீடுதான் என்றார். வெங்காயம் உரித்தபடி, சந்தையில் மரக்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார்.

இந்தப் படத்தை எடுக்கப் பணம் கொடுத்தது அரசு. அரசின் திரைப்பட நிதிக் கூட்டுத்தாபனம் 2,50,000 ரூபா கொடுத்தது. அது போதாது. கமரா ஒன்றுதான், படப்பிடிப்பிலேயே ஒலி பதிய வசதி இல்லை, எல்லாம் பிறகு குரல்கொடுத்ததுதான். ஆக்ராவில் எதிர்ப்புக் கிளம்பியபோது, பிலிம் போடாத கமராவோடு ஒரு பொய்ப் படப்பிடிப்புக் குழுவை வேறொரு தெருவுக்கு அனுப்பிக் கூட்டத்தை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, உண்மையான குழு இங்கே வேலையை முடித்ததாம். பணம் கொடுத்த அரசின் தணிக்கைச் சபையே பிறகு, மதக்கலவரம் வரும் என்று சொல்லிப் படத்தை மாதக்கணக்கில் மறித்து வைத்திருந்தது. சத்யு தலைவர்களுக்கும் பத்திரிகைக்காரருக்கும் போட்டுக் காட்டி, இந்திரா காந்திவரை போய், 1974இல்தான் படம் தியேட்டருக்கு வந்தது. கலவரம் வரவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதை அதே அரசு கொடுத்தது. ஒரு கையால் காசும் மறுகையால் பூட்டும் பிறகு மாலையும். பிறத்தியானுக்கு இது விளங்கக் கனநாள் எடுக்கும்.

அதற்கு அடுத்த வருடமே நிலைமை மாறிவிட்டது. இப்போது கதிரைக்கு வருவோம், ஏனென்றால் அந்தப் படத்தின் பெயரே 'கிஸ்ஸா குர்ஸி கா', கதிரையின் கதை. இயக்கிய அம்ரித் நஹாதா அப்போது காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினர். ஆட்சியை நையாண்டி செய்யும் படம். அதில் சனங்களுக்கு ஒரு பாத்திரம் இருக்கிறது: ஜனதா என்ற பெயரில் ஷபானா ஆஸ்மி, ஊமைப் பெண்ணாக. 1975 ஏப்ரலில் தணிக்கைக்குப் போன படத்துக்கு அரசு 51 ஆட்சேபங்களை எழுப்பியது. ஜூன் 25இல் அவசரகால நிலை வந்தது. படத்தின் பிரதிகளும் மூலச்சுருளும் கைப்பற்றப்பட்டு, குர்காவ்னில் இருந்த மாருதி கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகப்பட்டு எரிக்கப்பட்டன என்பதுதான் பிறகு வந்த குற்றச்சாட்டு. 1979 பெப்ரவரியில் சஞ்சய் காந்தியும் முன்னாள் தகவல் அமைச்சர் வி.சி. சுக்லாவும் இந்த வழக்கில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகித் தண்டனை விதிக்கப்பட்டது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி திரும்ப ஆட்சிக்கு வந்தார். அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. நஹாதா படத்தைத் திரும்ப எடுத்து வெளியிட்டார். அதைத்தான் இன்று பார்க்க முடியும். குல்சாரின் 'ஆந்தி'க்கு அந்த அளவு மோசம் நேரவில்லை. நாயகி சுசித்ரா சென்னின் சேலையும் நரைத்த மயிரும் பிரதமரை நினைவுபடுத்தியதால் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார்கள், 1977இல் ஆட்சி மாறியதும் விட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் 'கிஸ்ஸா குர்ஸி கா' அப்படியொன்றும் பெரிய படமில்லை. தெருக்கூத்துப்போல உரத்த படம். எரித்ததால்தான் அது வரலாற்றில் நிற்கிறது. 'கரம் ஹவா'வை எவரும் எரிக்கவில்லை. ஆனால் கதிரையில் இருக்கிறவனுக்கு நீண்டகாலத்தில் எது கூடுதலான தொந்தரவு என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்லுவேன். ஆளைக் கேலி செய்தால் ஆள் மாறியதும் கேலி பழசாகிவிடும். சட்டப் பிரிவு ஒன்று ஒரு கிழவியை விறகுக்கூட்டுக்குள் ஒளிய வைத்ததைக் காட்டினால் அது பழசாகாது.

பல்ராஜின் தம்பி பீஷ்ம ஸாஹ்னி எழுதிய 'தமஸ்' நாவலைக் கோவிந்த் நிஹலானி தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். 1988இல் தூர்தர்ஷனில் அது போனபோது நிறுத்தக் கோரி வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் முழுவதையும் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பன்றியைக் கொன்று கொடுக்கச் சொல்லி ஏமாற்றப்பட்ட தோல் தொழிலாளி நத்துவாக ஓம் பூரி வருகிறார். கலவரத்தைத் தொடக்கியவன் தான்தான் என்ற பயத்தோடு அவன் கடைசிவரை அலைகிறான். தொடக்கச் சொல்லிக் காசு கொடுத்தவனோ கடைசியில் சமாதான ஊர்வலத்தில் நிற்கிறான். இதையும் அரச தொலைக்காட்சியே காட்டியது. அந்தக் காலத்து இந்திப் படைப்பாளிகள் அரசின் காசிலேயே அரசையும் சனங்களின் மனதையும் கிளறினார்கள் என்பதை நாங்கள் பொறாமையோடுதான் பார்க்க வேண்டும். எங்கள் தீவில் எந்தப் பக்கத்திடமும் அப்படியொரு பணப்பெட்டி இருக்கவில்லை.

பிறகு எங்களைப் பற்றியே ஒரு இந்திப் படம் வந்தது. 2013 ஆகஸ்டில் ஷூஜித் சர்காரின் 'மெட்ராஸ் கபே'. ஜோன் ஆபிரகாம் இந்திய உளவுத்துறை அதிகாரி. யாழ்ப்பாணம், இந்திய இராணுவம், கடைசியில் முன்னாள் பிரதமர் ஒருவரின் கொலை. பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன, இயக்கத்துக்கு எல்.ரி.எப்., தலைவருக்கு அண்ணா பாஸ்கரன். தமிழ்நாட்டில் தியேட்டர்கள் போடவில்லை. இங்கிலாந்தில் எங்கள் ஆட்கள் எதிர்த்ததால் சினிவேர்ல்ட் நிறுவனமும் காட்சிகளை இரத்துச் செய்தது. நான் பிறகுதான் பார்த்தேன். எதிர்த்தவர்கள் சொன்ன காரணம், இயக்கத்தைப் பயங்கரவாதிகளாகக் காட்டுகிறது என்பது. எனக்குப் பட்ட குறை வேறு. கமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜீப்புக்குள், ஹெலிகொப்டருக்குள், டெல்லியின் அலுவலக அறைக்குள், ஒட்டுக்கேட்கும் கருவிக்குப் பக்கத்தில். எங்கள் சனம் தூரத்தில் ஓடுகிறது, கிடக்கிறது, புகைக்குள் மறைகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படத்தில் மனதில் நிற்கும்படியாக ஒரு தமிழ்க் குடும்பம் இல்லை, ஒரு அடுப்படி இல்லை. படம் பொய் சொல்கிறது என்பதைவிட, எந்த வீட்டுக்கும் போகவில்லை என்பதே என் முறைப்பாடு. நாற்பது வருடம் முன்னர் ஆக்ராவில் ஒரு வீட்டின் மொட்டைமாடிவரை ஏறிய சினிமா, கடல் தாண்டி வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டது.

ஆனால் அதற்காகப் படத்தை நிறுத்தச் சொல்வதா? மாருதித் தொழிற்சாலையில் எரிந்த சுருளைப் பற்றி வாசித்த பிறகு என்னால் அந்தக் கூட்டத்தோடு நிற்க முடியாது. பதிலுக்கு நாங்கள் ஒரு வீட்டைக் காட்டியிருக்கலாம்.

எந்த வீட்டை என்பதில்தான் சிக்கல். 'கரம் ஹவா'வைப் பார்க்கிற எந்த ஈழத்தமிழரும் தன்னைச் சலீம் மிர்சாவாகவே நினைத்துக்கொள்வார். உயர் பாதுகாப்பு வலயம், எரிந்த உறுதிப் பத்திரம், பதிவுக்காகப் பொலிஸ் நிலையம், சந்தேகம், எல்லாம் பொருந்தும். ஆனால் 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த வீடுகளில் பிறகு யார் இருந்தார்கள்? வேறிடத்திலிருந்து துரத்தப்பட்ட தமிழ்ச் சனமும் இருந்தது. கெட்டவர்கள் அல்ல. அஜ்மானியைப்போல, தாங்களும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். எனக்கு அப்போது ஒரு வயது. அந்த வீடுகளைப் பற்றிய ஒரு 'கரம் ஹவா'வை நாங்கள் எடுத்தால் அதிலே ஹங்கலின் பாத்திரத்தை நாங்கள்தான் நடிக்க வேண்டியிருக்கும். அதற்குத் தயாராக இருக்கிறோமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே 1990இன் தொடக்கத்தில்தான் காஷ்மீரிப் பண்டிதர்களும் பள்ளத்தாக்கைவிட்டு ஓடினார்கள். அவர்களைப் பற்றிய 'த காஷ்மீர் பைல்ஸ்' 2022 மார்ச்சில் வந்தது. பா.ஜ.க. ஆளும் மாநிலங்கள் பலவும் வரிவிலக்குக் கொடுத்தன, பிரதமரே பாராட்டினார். அந்த வருடம் கோவாத் திரைப்பட விழாவின் நடுவர் குழுத் தலைவராக வந்த இஸ்ரேலிய இயக்குனர் நடாவ் லபிட், இது பிரசாரப் படம், இந்தப் போட்டியில் இருக்கத் தகுதியில்லாதது என்ற பொருளில் மேடையிலேயே சொல்லிவிட்டுப் போக, பெரிய கொந்தளிப்பு எழுந்தது. பிறத்தியானின் முதல் மனப்பதிவுக்குக் கிடைத்த வரவேற்பு அது. அந்தப் பண்டிதர்களின் துயரம் பொய்யல்ல. அகதிமுகாமைப் பார்த்த எவனும் அதைப் பொய் என்று சொல்லமாட்டான். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்திய அயலவனில் ஒருவனையாவது மனிதனாக ஞாபகம் வைத்திருக்க முடியாத படத்தை அரசுகள் ஏன் இவ்வளவு விரும்பின? முன்னர் எரித்தார்கள், இப்போது வரியைக் கழிக்கிறார்கள். எது சினிமாவுக்குக் கூடக் கேடு என்று ஆறுதலாகத்தான் யோசிக்க வேண்டும்.

2014இல் புதுப்பிக்கப்பட்ட 'கரம் ஹவா' இந்தியத் தியேட்டர்களுக்குத் திரும்ப வந்தது. அதன் முடிவு பற்றி அன்றிலிருந்தே வாக்குவாதம் உண்டு. கடைசியில் சலீமும் பாகிஸ்தானுக்குப் போக முடிவெடுத்து, குடும்பம் குதிரைவண்டியில் பெட்டிகளோடு நிலையத்துக்குப் போகிறது. வழியில் வேலை கேட்டு ஒரு ஊர்வலம். மகன் இறங்கிச் சேருகிறான். சலீமும் இறங்குகிறார். இது இடதுசாரிகள் ஒட்டவைத்த முடிவு என்று சிலர், இதைவிட்டால் வேறு வழியில்லை என்று சிலர். எனக்கு அந்த ஊர்வலத்தைவிட வண்டிதான் கண்ணில் நின்றது. அதில் சலீமின் மனைவி இருக்கிறாள். மாமியும் மகளும் செத்துவிட்டார்கள், மூத்த மகன் பாகிஸ்தானில். போவோம் என்று கட்டிய பெட்டிகளோடு அவளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு மனிசன் கூட்டத்துக்குள் போகிறார். வண்டி திரும்புகிறது. ஹவேலி இல்லை, வாடகை வீடுதான். பூட்டைத் திறந்து, பெட்டிகளை இறக்கி, பாத்திரங்களை வெளியே எடுத்து அவள் திரும்ப அடுக்க வேண்டும்.